கரியில் பஸ் ஓட்டிய சுந்தரம் ஐயங்கார்

இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் போயிருக்கிறீர்களா? போனவர்கள் கரி மூட்டத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது.

சீமைக் கருவேல மரத்தை வெட்டுவார்கள். துண்டு போட்டுக் குவிப்பார்கள். குவியலின் மேல் மண்ணைப் பூசி, உள்ளே நெருப்பு வைத்து விடுவார்கள். காற்று அதிகம் போகாமல் பல நாள் புகைந்து கொண்டே இருக்கும். பிறகு மூட்டத்தைப் பிரித்தால், கறுப்பு வைரம் போலக் கரி!

அந்தக் கரியைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். லாரி ஓடுவது டீசலில். கரி அதன் முதுகில் வெறும் சுமை.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. கரி சுமையாகப் போகவில்லை. கரியே லாரியை இழுத்தது. கரியே பஸ்ஸையும் இழுத்தது.

நம்ப முடியவில்லையா? வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கரி பஸ்ஸில் போன கதையை அவர் சொல்லக்கூடும்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கரியிலிருந்து வாயு எடுத்து மோட்டாரை ஓட்டும் கருவியை மதுரையில் செய்து கொடுத்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு உரியவர் அவர்தான்.

இன்று பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் கார் வந்திருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் பக்கத்தில் முதன் முதலில் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் இவர். அவருடைய கதையைப் பார்ப்போம்.

வக்கீல், ரெயில்வே, பாங்கி

டி.வி.எஸ். என்பதில் முதல் எழுத்து ஊரைக் குறிக்கிறது. ஊர், திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். வைணவர்களின் 108 திருப்பதிகளில் ஒன்று.

சுந்தரம் ஐயங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தார். அப்போது உலகத்தில் மோட்டார் காரே கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன்னுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1886-ம் ஆண்டில்தான். ஆகவே நம் கதாநாயகர் மோட்டாரை விட மூத்தவர்!

தந்தைக்கு மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. மகன் அந்த ஆசையை நிறைவேற்றினார். ஆனால் அந்தத் தொழிலில் மனம் நிற்கவில்லை. ரெயில்வேயில் வேலை பார்த்தார். பாங்கியிலும் வேலை பார்த்தார். அதையும் விட்டார்.

ஊரார் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? படித்த பிள்ளை, குடும்பஸ்தர், நிலையான சம்பளத்தை உதறிவிட்டு நிற்கிறார். இன்றைக்கும் எந்த வீட்டிலும் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

1911-ம் ஆண்டு, 34-வது வயதில், மதுரையில் மோட்டார் தொழிலில் இறங்கினார். மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

அந்தக் காலத்து மதுரையை நினைத்துப் பாருங்கள். தெருவில் ஜட்கா. ரஸ்தாவில் மாட்டு வண்டி. நீண்ட தூரம் என்றால் ரெயில். இராமேசுவரம் யாத்திரை போகிறவர்கள் மண்டபம் வரை ரெயிலில் போய், அங்கிருந்து கடலைத் தாண்டினார்கள். பாம்பன் ரெயில் பாலம் திறந்தது 1914-ம் ஆண்டு பிப்ரவரியில். தீவுக்கு ரஸ்தாப் பாலம் வரப் பின்னும் 74 ஆண்டு ஆயிற்று. 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதிதான் பஸ் நேராக இராமேசுவரம் போனது.

ரெயில் போகாத ஊர்களுக்கு யார் போவது? அங்கேதான் பஸ் நுழைந்தது.

கடிகாரம் திருத்தும் பஸ்

அன்று பஸ் நடத்திய பலர் ஒரு முறை வைத்திருந்தார்கள். பஸ் நிரம்பினால் புறப்படும். நிரம்பாவிட்டால் புறப்படாது. ஆள் பிடிக்க ஊரை இரண்டு சுற்றுச் சுற்றும். இன்ஜின் உறுமிக் கொண்டே நிற்கும். பெட்ரோல் கரையும். உள்ளே ஏறி உட்கார்ந்தவர் வியர்த்து வழிவார்.

சுந்தரம் ஐயங்கார் அந்த வழியில் போகவில்லை. குறித்த நேரத்துக்குப் பஸ் புறப்பட வேண்டும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆள் குறைவாக இருந்தாலும் சட்டம் மாறாது.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்று மதுரைப் பக்கத்தில் இன்றும் பேச்சு உண்டு. வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களுக்கு அந்தப் பஸ்ஸே கடிகாரம்.

இதை ஒழுக்கம் என்று பலர் புகழ்வார்கள். ஒழுக்கம்தான். ஆனால் இதில் நல்ல கணக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், ஒரு மைல் கூட நகராது. தாமதமாகப் புறப்பட்ட டிரைவர், போய்ச் சேரும் நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டுவார். வேகம் கூடினால் பெட்ரோல் செலவு கூடும். பிரேக் தேயும். டயர் தேயும். நேரத்துக்குப் புறப்பட்ட பஸ்ஸுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை.

டயரைப் பற்றி ஒரு கதை உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் அடிக்கும் லாட ஆணி ரஸ்தாவெல்லாம் சிதறிக் கிடக்கும். அது டயரைக் குத்தும். டயர் சீமையிலிருந்து வரும் பொருள், விலை அதிகம். காந்தம் பொருத்திய வண்டியை ரஸ்தாவில் ஓட விட்டு, ஆணிகளைப் பொறுக்க வைத்தார் சுந்தரம் ஐயங்கார் என்று சொல்வார்கள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிற்சாலையையும் அவர் ஏற்படுத்தினார்.

தொழில் வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. மோட்டார் விற்பனை, உதிரிப் பாகம், பழுது பார்ப்பு என்று கிளைகள் விரிந்தன. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்ற கம்பெனிகள் தோன்றின. பிள்ளைகள் தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தார்.

வீட்டுக்குள் ஒரு புயல்

ரஸ்தாவில் புதுமை எதுவானாலும் கை நீட்டி வரவேற்றவர், வீட்டில் பழைய ஆசாரத்தில் நின்றவர். இந்த இரண்டும் ஒரு நாள் மோதிக் கொண்டன.

அவருடைய மகள் சௌந்தரம் 1904-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை டாக்டர். இளம் வயதிலேயே அவர் காலமாகி விட்டார்.

கணவனை இழந்த பெண் அன்று மூலையில் உட்கார வேண்டும். சௌந்தரம் உட்காரவில்லை. தில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இந்த அளவுக்கு வீடு இடம் கொடுத்ததே அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

தில்லியில் காந்தியடிகளின் தொண்டர்களோடு பழக்கம் ஏற்பட்டது. ஜி. ராமச்சந்திரன் என்ற மலையாளத்துத் தொண்டரை மணந்துகொள்ள விரும்பினார். விதவை மறுமணம். அதோடு வேறு சாதி, வேறு மொழி. பெற்றோர் சம்மதிக்கவில்லை.

விஷயம் காந்தியடிகளிடம் போயிற்று. ஓராண்டு காலம் இருவரும் விலகியிருக்க வேண்டும், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் கல்யாணம் செய்து கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். ஓராண்டு கழிந்தது. மனம் மாறவில்லை. 1940-ம் ஆண்டு காந்தியடிகளே முன்னின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார்.

மதுரையில் அந்தத் தந்தையின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! அவருடைய பிடிவாதத்தை நாம் இன்று சரி என்று சொல்ல மாட்டோம். ஆனால் பிடிவாதம் மகளுக்கும் இருந்தது. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

அந்த மகள் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் என்று நாடறிந்த பெயர் பெற்றார். திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டி அருகே 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், கணவன் மனைவி இருவரும் வளர்த்த பயிர்.

பெட்ரோல் இல்லை!

கல்யாணம் நடந்த அதே காலத்தில் உலகம் யுத்தத்தில் எரிந்து கொண்டிருந்தது.

1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் கொடுத்தால்தான் பெட்ரோல். அதுவும் அளவோடு.

அன்று இந்தியாவுக்கு எண்ணெய் கொடுத்த பெரிய இடங்களில் ஒன்று பர்மா. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதம், பின்வாங்கிய பிரிட்டிஷார் ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே நாசம் செய்தார்கள், எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று. இந்தியாவுக்குள் அசாமில் திக்பாயும் பஞ்சாபில் சில கிணறுகளும்தான் மிச்சம். சிங்கப்பூரும் மலேயாவும் விழுந்ததால் ரப்பரும் போயிற்று. இருந்த பெட்ரோல் முதலில் பட்டாளத்துக்கு.

பஸ் முதலாளிகள் என்ன செய்வது? பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டலாம். டிரைவரையும் கண்டக்டரையும் வீட்டுக்கு அனுப்பலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், கச்சேரி வழக்குக்குப் போகிறவர் எல்லாரும் மறுபடி மாட்டு வண்டி பூட்டலாம்.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது வயது 64, 65. ஓய்வெடுக்கலாம் என்று நினைக்கும் வயது. அவர் ஓய்வெடுக்கவில்லை. கரி வாயுக் கருவியைத் திட்டமிட்டுத் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்று அதற்குப் பெயர். சொந்த பஸ்ஸுக்கு மட்டும் செய்து கொண்டு நிற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காக உற்பத்தி செய்தார்.

கரி வாயு அவர் கண்டுபிடித்த சங்கதி அல்ல. ஐரோப்பாவில் அது முன்பே தெரியும். ஜார்ஜ் ஆம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களிலேயே விறகு வாயுவில் மோட்டாரை ஓட்டிக் காட்டினார். யுத்தம் முடியும் காலத்தில் ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடின. சுந்தரம் ஐயங்காரின் பெருமை வேறு. சீமையிலிருந்து எந்தச் சாமானும் வராத நேரத்தில், நம் ஊர்ப் பட்டறையில், நம் ஊர்க் கரிக்கும் நம் ஊர் ரஸ்தாவுக்கும் அதைச் செய்து கொடுத்தார்.

கரி எப்படி பஸ்ஸை இழுக்கும்?

பஸ்ஸின் பின்புறம் பீப்பாய் போல உயரமான இரும்பு உருளை ஒன்று இருக்கும். அதன் தலை வழியாகக் கரியைக் கொட்ட வேண்டும். அடியில் தீ மூட்ட வேண்டும்.

அடுப்பில் கரி நன்றாக எரிந்தால் சூடு வரும், சாம்பல் மிஞ்சும். இந்த உருளைக்குள் நன்றாக எரிய விட மாட்டார்கள். காற்றைக் குறைவாக விடுவார்கள். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு பிறக்கும். அது மறுபடியும் எரியக் கூடியது. பெட்ரோல் ஆவிக்குப் பதிலாக அதையே இன்ஜினுக்குள் விட்டால், அங்கே வெடித்து இன்ஜினைச் சுழற்றும்.

உருளையிலிருந்து வரும் வாயு சூடாக இருக்கும், தூசியாகவும் இருக்கும். நீண்ட குழாய் வழியாகப் போய் ஆற வேண்டும். வடிகட்டியில் புகுந்து சுத்தமாக வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் இன்ஜினை அரித்து விடும்.

இதற்கெல்லாம் ஆள் யார்? கிளீனர்தான்! பஸ் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே அவர் வந்து தீ மூட்டுவார். கையால் சுற்றும் விசிறிச் சக்கரத்தைப் பிடித்துக் கர்ர், கர்ர் என்று சுற்றுவார். நெருப்பு கனன்று வாயு பிறக்கும் வரை சுற்ற வேண்டும். கை ஓய்ந்து விடும். முகமெல்லாம் கரி. சட்டையெல்லாம் கரி. பிரயாணிகளின் வெள்ளை வேட்டியிலும் கொஞ்சம் கரி.

ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு கொடிய விஷ வாயு. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. மூடிய கொட்டகைக்குள் அது கசிந்தால், உள்ளே இருப்பவர் மயங்கி அப்படியே இறந்து போவார். ஆகவே திறந்த வெளியில்தான் தீ மூட்ட வேண்டும்.

இன்னொரு குறை, சக்தி குறைவு. உள்ளே போகும் காற்றில் பெரும் பகுதி நைட்ரஜன். அது எரியாது, வாயுவோடு கலந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இன்ஜினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி கூடக் குறைந்து விடும். மேடு வந்தால் பஸ் திணறும். பிரயாணிகள் இறங்குவார்கள். ஆண்கள் தள்ளுவார்கள். மேடு ஏறிய பின் எல்லோரும் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள். டிக்கெட்டும் வாங்கி, பஸ்ஸையும் தள்ளிய காலம் அது!

இரண்டு தீனி

அந்த வண்டிகள் பெட்ரோலை அடியோடு மறந்து விடவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஜினைக் கிளப்பக் கொஞ்சம் பெட்ரோல் செலவழிப்பார்கள். ஓடத் தொடங்கியதும் கரி வாயுவுக்கு மாற்றி விடுவார்கள். ரேஷனில் கிடைத்த சொட்டுப் பெட்ரோலை இப்படி நீட்டி நீட்டிப் பயன்படுத்தினார்கள்.

இன்றைய ஹைப்ரிட் காருக்கும் இரண்டு தீனி. பெட்ரோல் இன்ஜின் ஒன்று. பாட்டரியும் மின்சார மோட்டாரும் இன்னொன்று. ஆனால் இரண்டு வண்டிகளின் குணமும் நேர் எதிர். இது வேடிக்கையான சங்கதி.

ஹைப்ரிட் கார் நெரிசலான ஊருக்குள் கெட்டிக்காரத்தனம் காட்டும். மதுரையில் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து விடும். பிரேக் போட்டால் மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கும். அந்த மின்சாரத்தில் மறுபடி கார் நகரும்.

அதே கார் மானாமதுரை, பரமக்குடி தாண்டி இராமநாதபுரம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால்? பிரேக் போட வேலை இல்லை. சேர்த்து வைக்க மின்சாரமும் இல்லை. பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும். அதோடு எதிர்க் காற்று வேறு. 80 கிலோ மீட்டர் வேகத்தை 100 ஆக்கினால், காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. உச்சிப்புளி தாண்டினால் கடற்காற்றும் சேர்ந்து கொள்ளும். கார் வாங்கும்போது சொல்லும் மைலேஜ், ஆராய்ச்சி நிலையத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி ஓட்டிக் கணக்கிட்டது. அங்கே உச்சிப்புளிக் காற்று அடிப்பதில்லை.

இதனால் நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் காருக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பயன் உண்டு. ஊருக்குள் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது. அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தால் எந்தக் காரும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும்.

கரி பஸ்ஸோ ஊருக்குள் அசடு. நின்று நின்று போனால் நெருப்பு அடங்கும். நெருப்பு அடங்கினால் வாயு மெலியும். மெலிந்த வாயுவில் பஸ் இருமும். மேடு பள்ளம் இல்லாத நேரான ரஸ்தாவில், நிற்காமல் ஒரே வேகத்தில் போனால்தான் அதற்கு உயிர் வரும். இராமநாதபுரம் சீமையைப் போன்ற தட்டையான பூமிதான் அதற்கு ஏற்ற இடம்.

இனி கரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். ஒரு காலன் என்பது நாலரை லிட்டர். மதுரையிலிருந்து இராமநாதபுரம் சுமார் 70 மைல். காலனுக்கு 10 மைல் ஓடும் பஸ் என்று வைத்துக்கொண்டால், 7 காலன் பெட்ரோலுக்குப் பதில் கிட்டத்தட்ட 47 கிலோ கரி. இரண்டு சிறு மூட்டை என்று சொல்லலாம்.

பிரமாதம் என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு கிலோ கரி எடுக்க, மூட்டத்தில் நாலைந்து கிலோ மரத்தை எரிக்க வேண்டும். ஆகவே ஒரு பஸ் ஒரு முறை இராமநாதபுரம் போக 200 கிலோவுக்கு மேல் மரம் வேண்டும். திரும்பி வர இன்னொரு 200 கிலோ. தினமும் ஓடினால்? நூறு பஸ் ஓடினால்?

பெட்ரோல் மிச்சம்தான். ஆனால் செலவு வேறு பெயரில், காட்டின் கணக்கில், எழுதப்பட்டது. இன்று போல அன்று சீமைக் கருவேலம் ஊரெல்லாம் பரவியிருக்கவில்லை. உடையும் கருவேலுமாக நின்ற நாட்டு மரங்கள்தான் மூட்டத்துக்குப் போயின. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும், காஸ் பிளான்டைக் கழற்றிப் போட எவரும் தயங்கவில்லை. டீசல் பஸ்கள் பெருகின. விசிறிச் சக்கரத்தைச் சுற்றிய கிளீனரின் கைகள் ஓய்வு பெற்றன.

அப்படியானால் அந்த உழைப்பு வீணா? இல்லை. நாடு முழுதும் பஸ்கள் படுத்துவிட்ட நாட்களில் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பஸ் வந்தது. புகை கக்கியது, இருமியது, மேட்டில் நின்றது. ஆனாலும் வந்தது. பட்டறையிலும் பஸ்ஸிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொடைக்கானலில்

யுத்தத்துக்குப் பின் டி.வி.எஸ். தொழில் இன்னும் பெரிதாயிற்று. 1950-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு இந்தியாவில் மிகப் பெரிய விநியோகஸ்தராக சுந்தரம் மோட்டார்ஸ் விளங்கியது. பெரியவர் பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானலில், 78-வது வயதில் சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

அவர் இருந்த வரை பஸ் தொழில் தனியார் கையில் இருந்தது. பிறகு காலம் மாறியது. தமிழக அரசு பஸ்களை எடுத்துக்கொண்டது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. டி.வி.எஸ். ஓட்டிய வழிகளில் அரசு பஸ்கள் ஓடத் தொடங்கின. கடிகாரம் திருத்தும் பழக்கமும் அதோடு போயிற்று என்று சில மதுரைக்காரர்கள் குறை சொல்வது உண்டு. அதை நான் தீர்க்கப் போவதில்லை.

பேரப் பிள்ளைகள் காலத்தில், 1980-ல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற சின்ன வண்டி வந்தது. இருவர் ஏறிப் போகலாம். பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும். 2020-ல் அதே ஓசூர்க் கம்பெனி பெட்ரோலே இல்லாத மின்சார ஸ்கூட்டரையும் கொண்டு வந்தது.

சின்ன வண்டியோ இன்னும் ஓய்வு பெறவில்லை. பாம்பன், மண்டபம் பக்கத்தில் விடியற்காலையில் பார்க்கலாம். பின்னால் மீன் கூடையை வைத்துக் கட்டி, முன்னால் ஒரு பையையும் மாட்டிக்கொண்டு வியாபாரிகள் உள்ளூர்க் கிராமங்களுக்குப் புறப்படுகிறார்கள். ஐஸ் கரைவதற்குள் விற்க வேண்டும். போட்ட பெட்ரோலுக்கு மேல் நாலு காசு நிற்க வேண்டும்.